பெயர்ப் பட்டியலில் அடுத்தவர்

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் 1970-களில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்குத் தங்கும் அறையையும் வகுப்பில் இருக்கையையும் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி ஒதுக்குவார்கள். மேடி சீகல் என்ற சமூகவியலாளருக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது. பயிற்சியில் இருந்தவர்களிடம், இங்கே உங்களுக்கு நெருக்கமான நண்பர்கள் யார் என்று கேட்டார். முடிவுகளை 1974-இல் வெளியிட்டார். மதம், வயது, படிப்பு, திருமணமானவரா இல்லையா, பொழுதுபோக்கு என்ன என்று எதை எடுத்துப் பார்த்தாலும், யாருக்கு யார் நண்பர் என்பதைப் பெயரின் முதல் எழுத்து அளவுக்கு அவை எதுவும் சரியாகச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பல கல்லூரிகளில் ரோல் நம்பர் பெயர் வரிசையில்தான் வருகிறது. அதைப் பின்பற்றி லேப் பேட்ச், அதைப் பின்பற்றி வைவா வரிசை, அதைப் பின்பற்றி செமஸ்டர் தேர்வு இருக்கை. சுந்தரும் சுரேந்தரும் சுரேஷும் படிப்பு முடிந்து பத்து வருடம் ஆன பிறகும் ஒரே வாட்ஸாப் குழுவில் வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், மூன்று பேருக்கும் பெற்றோர் 'எஸ்' எழுத்தில் பெயர் வைத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கூச்ச சுபாவம் உள்ள ஒரு மாணவர் முதலாண்டில் கல்லூரிக்குள் நுழையும்போது மனசில் ஒரு கணக்கோடுதான் நுழைகிறார். நட்பு என்பது பேசத் தெரிந்தவர்களுக்குக் கிடைப்பது, முதல் வாரத்தில் முந்திக்கொண்டவர்களுக்குக் கிடைப்பது, தனக்கு வாய் வராததால் தனக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கு தப்பு என்பதற்கு அறிவியலில் கணிசமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது. கூச்சம் நட்பைத் தாமதப்படுத்துகிறது என்பது உண்மை. தாமதத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், கூச்சப்படுபவர் யார்? தனியாக இருக்க விரும்புகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஜோனதன் சீக், ஆர்னால்ட் பஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1981-இல் இதைச் சோதித்தார்கள். கூச்சத்தை ஓர் அளவாகவும், மனிதர்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசையை வேறோர் அளவாகவும் தனித்தனியே எடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. கூச்சமும் இல்லை, கூட்டமும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கூச்சமும் அதிகம், ஆசையும் அதிகம் என்பவர்களும் உண்டு. அறிமுகமில்லாத ஒருவரோடு உட்காரவைத்தபோது அதிகம் தவித்தது இவர்கள்தான். பார்வை விலகியது, கை தன் உடம்பையே தடவிக்கொண்டிருந்தது. வேண்டும் என்கிற மனசும் வேண்டாம் என்கிற உடம்பும் ஒரே நேரத்தில் இழுக்கும் நிலை அது. ஹாஸ்டல் அறைக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும்போது கதவைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டு உள்ளேயே நிற்கும் மாணவர் இந்த வகை. 'அவன் யாரோடயும் சேரமாட்டான்' என்று அடுத்த அறைக்காரர்கள் சொல்வது அவருக்கு இழைக்கும் சிறு அநியாயம்.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிலிப் ஜிம்பார்டோ, மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்து 1971-இல் நடத்திய சிறைச்சாலைப் பரிசோதனைக்காக இன்றும் திட்டு வாங்குபவர். அந்தப் பரிசோதனையைப் பற்றி வகுப்பில் பேசும்போது, காவலரும் கைதியும் ஒரே ஆளுக்குள் இருந்தால் அதுதானே கூச்சம் என்று விவாதம் திரும்பியது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் தாங்கள் இப்போதும் கூச்ச சுபாவிகள் என்றார்கள். வாழ்க்கையில் எப்போதாவது அப்படி இருந்ததாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் 80 சதவீதத்தைத் தாண்டியது. 1977-இல் இதை வைத்து அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. அறுபது பேர் இருக்கும் முதலாண்டு வகுப்பில் இந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளுக்குள் ஒரே தவிப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஹார்வர்டின் ஜெரோம் கேகன் சொன்ன பதில்தான் இன்றும் நிற்கிறது. நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் வண்ண பொம்மைகளை ஆட்டினார், பதிவு செய்த குரல்களைக் கேட்கவைத்தார், ஆல்கஹால் தோய்த்த பஞ்சை மூக்கருகே காட்டினார். ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. ஐந்தில் இரண்டு குழந்தைகள் எதையும் பொருட்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தக் குழந்தைகளை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். உதறி அழுத குழந்தைகளில் பலர் இரண்டு வயதில் புது ஆட்களைக் கண்டால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேகனின் சக ஆய்வாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ் 2003-இல் இன்னொரு படி போனார். இரண்டு வயதில் அப்படி ஒடுங்கியவர்களாகப் பதிவானவர்களையும், துணிச்சலாக இருந்தவர்களையும், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது கூட்டிவந்து மூளை ஸ்கேன் எடுத்தார். மொத்தம் 22 பேர்தான், சிறிய ஆய்வு. ஸ்கேனுக்குள் சில முகங்களை மீண்டும் மீண்டும் காட்டிப் பழக்கப்படுத்திவிட்டு, இடையில் புதிய முகங்களைக் காட்டினார். புதிய முகம் வந்ததும், சிறு வயதில் ஒடுங்கியவர்களின் அமிக்டலா கூடுதலாக முழித்துக்கொண்டது. ஆபத்து இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதில் பங்குகொள்ளும் மூளைப் பகுதி அது.

இதைப் படித்துவிட்டு 'மூளையிலேயே எழுதியிருக்கிறது, இனி என்ன செய்ய' என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. கேகன் அப்படிச் சொல்லவில்லை. உதறி அழுத குழந்தைகளில் பலர் வளர்ந்து சாதாரணமாகவே இருந்தார்கள். கூட்டத்தைக் கலகலக்கவைக்கும் ஆளாக மாறியவர்கள்தான் குறைவு. சுபாவம் ஒரு வரம்பு போடுகிறது, அதற்குள் நிறைய இடம் இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த மூளை கூச்சலிட்டது புதுமையைக் கண்டு. புது முகம் என்றைக்கும் புது முகமாகவே இருப்பதில்லை. ஐந்தாம் முறை பார்க்கும்போது அது பழைய முகம். ஆக, உங்கள் பயத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருக்கிறது, ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வாய்ப்பு இருந்தால்.

முதலாண்டில் அந்த வாய்ப்பைக் கெடுக்க எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். ஊர் புது, படுக்கை புது, சாம்பாரின் ருசி புது, பாடம் சொல்லும் மொழி புது. பள்ளியில் பன்னிரண்டு வருடம் சேர்த்துவைத்த பழகிய முகங்கள் ஒரே நாளில் காணாமல் போகின்றன. பள்ளிக்கூடத்தில் கூச்சமே தெரியாமல் இருந்த பிள்ளைகூட ஆகஸ்ட் மாதத்தில் வாயடைத்துப் போவது இதனால்தான்.

ஜெர்மன் உளவியலாளர் யென்ஸ் அசென்டார்ஃப் கூச்சத்துக்கு இரண்டு ஊற்று உண்டு என்றார். ஒன்று, அறிமுகமில்லாதவர்களைக் கண்டு வருவது. மற்றொன்று, நம்மை எடைபோடுவார்கள், ஒதுக்குவார்கள் என்ற பயத்தில் வருவது. முதலாவது நாள் போகப் போகத் தானாக வற்றும். இரண்டாவது அப்படி வற்றாது. நன்றாகத் தெரிந்த பேராசிரியர் முன்னால் வைவாவுக்கு நிற்கும்போதும் நாக்கு ஒட்டிக்கொள்வது அதனால்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் மருந்து வேறு வேறு.

இதே அசென்டார்ஃப், சுசான் வில்பர்ஸ் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வுதான் இந்த அத்தியாயத்தின் நடு அச்சு. பெர்லினின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த 132 மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 1998-இல் வெளியாயின. யாரோடு பழகுகிறார்கள், அந்த வட்டம் எப்படி வளர்கிறது, காதலித்தார்களா என்றெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கூச்சம் அதிகம் உள்ளவர்களின் சக மாணவர் வட்டம் மெதுவாக வளர்ந்தது. காதலில் விழுந்ததும் குறைவு. எதிர்பார்த்ததுதான். ஆனால் மெதுவாக வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள், வளராமல் நின்றுவிடவில்லை.

அதைவிட ஒரு முடிவு பலரை நெளியவைத்தது. சுபாவம் உறவுகளைப் பாதித்தது. உறவுகள் சுபாவத்தைப் பாதித்ததாகத் தெரியவில்லை. அதாவது நல்ல நண்பர்கள் கிடைத்ததால் கூச்சம் போய்விட்டது என்ற கதை அந்த 18 மாதத்தில் நடக்கவில்லை. சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்களுக்கு இது கசக்கும். எனக்கு இது ஆறுதலான செய்தியாகவே தோன்றுகிறது. கூச்சத்தை முதலில் ஒழித்துக்கட்டிவிட்டுப் பிறகு நண்பர்களைத் தேட வேண்டும் என்று வரிசை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. கூச்சத்தோடேயே நட்பு வருகிறது, கொஞ்சம் பிந்தி.

பிந்துவதை எது குறைக்கும்? லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மித்யா பாக்கும் அவருடைய குழுவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான பதில் தருகிறது. உளவியல் படிக்க வந்த 54 மாணவர்கள், முதல் நாள் கூட்டம், ஒருவரை ஒருவர் தெரியாது. இருக்கை எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து சுருக்கமாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஓராண்டு கழித்து அவர்களிடம் மற்றவர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவரோடு உங்களுக்கு எவ்வளவு நட்பு என்று கேட்டார்கள். முதல் நாள் பக்கத்து இருக்கையில் இருந்தவரோடு நட்பு அதிகம். ஒரே வரிசையில் இருந்தவரோடும் மற்றவர்களைவிட அதிகம். குலுக்கலில் வந்த ஒரு எண், அதுவும் ஒரே ஒரு கூட்டத்துக்கான எண், ஓராண்டு நட்பைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பேசாமலே இருந்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லாண்டும் ஸ்காட் பீச்சும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் ஒரே மாதிரியான நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்புக்கு மாணவிகள் போல அனுப்பத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் போகவே இல்லை, ஒருவர் 5 முறை, ஒருவர் 10 முறை, ஒருவர் 15 முறை. யாரும் யாரிடமும் பேசக் கூடாது. எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். பருவத்தின் முடிவில் வகுப்பு மாணவர்களிடம் நான்கு பேரின் படங்களையும் காட்டினார்கள். அதிகமுறை வந்தவரை அதிகம் பிடித்திருந்தது. அவரைப் பார்த்த ஞாபகமே பலருக்குச் சரியாக இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே கூச்சமுள்ள மாணவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம், வகுப்புக்குப் போய் ஒரே இடத்தில் உட்காருவது. கடைசி பெஞ்சோ நடு பெஞ்சோ, தினமும் அதே பெஞ்ச். மெஸ்ஸில் அதே நேரம், கல்லூரிப் பஸ்ஸில் அதே இருக்கை. இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகிவிடும்.

இப்போது இரண்டாவது ஊற்றுக்கு வருவோம்: எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எடைபோடுகிறார்கள் என்ற நினைப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் 2000-இல் வெளியிட்ட பரிசோதனை இது. ஒரு மாணவருக்கு, பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-சட்டையை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்தத் தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்கு அந்தச் சட்டையோடு வெளியே வருவதே மானக்கேடு. எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் இப்படிச் சட்டை போட்டவர்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது சட்டையில் இருந்தது யார் என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். மிச்சப் பேர் அவரவர் கவலையில் இருந்தார்கள்.

கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் 2003-இல் இதையே மேடைப் பேச்சுக்குக் கொண்டுபோனார்கள். பேசுகிறவருக்குத் தன் இதயத் துடிப்பு ஊருக்கே கேட்பதுபோல் இருக்கும். கேட்பவருக்கு அதில் பெரும்பகுதி தெரிவதில்லை. 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது, ஆய்வு அப்படிச் சொல்கிறது' என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். 'பதறாதே' என்ற தேறுதல் மட்டும் இந்தப் பலனைத் தரவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது அந்தத் தகவல்தான். வைவாவுக்கு முன் மாணவரைத் தட்டிக்கொடுக்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.

ஒருவரோடு பேசி முடித்த பிறகும் இந்தத் தப்புக் கணக்கு விடுவதில்லை. 'நான் உளறிட்டேன், அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்காது.' எரிக்கா பூத்பியும் கஸ் கூனியும் அவர்களுடைய சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகள், உரையாடல் முடிந்ததும் மற்றவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டின. கூச்சம் அதிகமானால் இந்த இடைவெளியும் அதிகம். அதில் ஓர் ஆய்வு யேல் பல்கலைக்கழக முதலாண்டு விடுதி மாணவர்களைப் பற்றியது. செப்டம்பரில் ஒன்றாகத் தங்க ஆரம்பித்தவர்களிடம் கல்வியாண்டு முழுவதும் அவ்வப்போது கேட்டார்கள். ஒரே குடியிருப்பில் தூங்கி எழுந்தும், மற்றவருக்குத் தன்னை அவ்வளவாகப் பிடிக்காது என்ற எண்ணம் பல மாதம் நீடித்தது. மே மாதம் நெருங்கும்போதுதான் மறைந்தது. நம்மூர் ஹாஸ்டலில் மூன்று பேர் அறையில் இருக்கும் ஒரு மாணவர், டிசம்பர் மாதத்தில் 'ரூம்மேட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை போல' என்று அம்மாவிடம் போனில் அழுதால், அது கூச்சத்தின் குறையல்ல. மனிதப் பொதுக்குறை, கூச்சத்தால் கொஞ்சம் ஊதிப் பெருத்திருக்கிறது.

நம்மூர் முதலாண்டில் ஒரு குழப்பம் தனியாகச் சொல்ல வேண்டியது. வகுப்பில் வாயே திறக்காத எல்லோரும் கூச்ச சுபாவிகள் அல்லர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுத் தொழிற்படிப்புக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியலுக்கு 2021-லும் வந்த பிறகு, கூடியிருக்கிறது. அவர்களில் பலர் ஊரில் திருவிழாக் கமிட்டியில் மைக் பிடித்தவர்கள், கபடிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள். ஆங்கிலத்தில் கேள்வி வந்ததும் ஊமையாகிறார்கள். பிறமொழியில் பேசும்போது வரும் பதற்றம் தனி இனம் என்று இலைன் ஹார்விட்ஸும் சகாக்களும் 1986-இலேயே எழுதி, அதை அளக்க ஓர் அளவுகோலும் உருவாக்கினார்கள். கெட்டிக்காரரான ஒருவர், தன்னைவிட முட்டாளான ஒருவராகத் தெரியும்படி பேச வேண்டியிருப்பதுதான் அதன் வலி. இவர்களைக் கூச்சப் பட்டியலில் சேர்த்து 'கம்யூனிகேஷன் ஸ்கில்' வகுப்புக்கு அனுப்பினால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று. தமிழில் சந்தேகம் கேட்க விட்டாலே பாதிப் பேருக்கு வாய் திறந்துவிடும்.

இந்த இடத்துக்கு நான் சேர்ந்தவன்தானா என்ற சந்தேகம்தான் இவர்களை அரிக்கிறது. கிரிகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹெனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்கள் 92 பேருக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கினார்கள். மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கவைத்தார்கள்: வந்த புதிதில் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்தது, நாளாக ஆகச் சரியாகிவிட்டது. பிறகு அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதி, அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்காக வீடியோ முன் பேசச் சொன்னார்கள். அவ்வளவுதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையர்களோடு இருந்த இடைவெளி பாதியானது. 2023-இல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதன் சுருக்க வடிவத்தைச் செய்துபார்த்தபோது பலன் கிடைத்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சேர்ந்திருக்க உண்மையிலேயே இடம் கொடுத்த நிறுவனங்களில்தான் கிடைத்தது. கல்லூரி கதவைச் சாத்திக்கொண்டு மாணவரிடம் 'சரியாகிவிடும்' என்று மட்டும் சொன்னால் ஒன்றும் ஆகாது.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் இதற்கு எண் சொல்ல முயன்றார். புது ஊருக்குக் குடிவந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் கேட்டு அவர் வந்தடைந்த உத்தேசம்: தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். வாரம் மூன்று மணி நேர லேப், 15 வாரம் என்றால் 45 மணி. ஒரே லேப் பேட்ச் ஒரு செமஸ்டரில் முதல் படியை ஏறக்குறைய எட்டிவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஹால் ஒரு குட்டு வைக்கிறார்: வேலையாக, பாடமாகச் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு எடை குறைவு. சும்மா இருக்கும் நேரம்தான் கணக்கில் ஏறுகிறது. லேப் முடிந்து டீக்கடையில் நிற்கும் இருபது நிமிடம், ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டே அடிக்கும் அரட்டை, ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒன்றாகப் போவது. மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடும் மகளிர் விடுதிகள் மாணவிகளிடமிருந்து பறிப்பது இந்த மணி நேரங்களைத்தான். பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நெருங்கிய நட்பு வரும்வரை நடுவில் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டனும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிக வகுப்புத் தோழர்களோடு ஒரு வார்த்தையாவது பேசிய நாளில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள், இது என் இடம் என்ற உணர்வும் கூடியது. நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. கூச்சமுள்ளவர்களுக்கு இது வசதி. ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் 'இன்னிக்கு கூட்டமே இல்லையேண்ணா' என்பதும், மெஸ் அக்காவிடம் இன்னொரு கரண்டி ரசம் கேட்பதும் சின்ன விஷயம்தான். அதில் எடைபோடுகிறவர் யாரும் இல்லை. வகுப்பில் பேசுவதற்கு முன் நாக்கு இங்கே பழகலாம்.

காதில் இயர்போன், கையில் போன், பார்வை திரையில் என்று ஒளிந்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல், சமூகப் பதற்றம் ஏன் ஆண்டுக்கணக்கில் குறையாமல் நிற்கிறது என்று கேட்டு, இப்படிப்பட்ட தற்காப்புகளை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். தற்காப்பு இருப்பதால்தான் தப்பித்தேன் என்று மனசு நம்பிவிடும். தற்காப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்கவே வாய்ப்பில்லை. அதோடு, எதிரில் இருப்பவருக்கு அது கூச்சமாகத் தெரியாது, திமிராகத் தெரியும். போனை ஒரேயடியாகத் துறக்கச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரும் முதல் ஐந்து நிமிடம் பையில் இருக்கட்டும்.

இங்கே சொன்ன எதுவும் பொருந்தாத இரண்டு நிலைமைகள் உண்டு. சீனியர்கள் 'இன்ட்ரோ கொடு' என்று அறைக்கு அழைத்து அவமானப்படுத்துவதைக் கண்டு பயந்தால் அது கூச்சம் அல்ல, நியாயமான பயம். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. தேசிய அளவிலான புகார் எண் 1800-180-5522. இரண்டாவது, பயத்தால் வகுப்புக்கே போகாமல் வருகைப் பதிவு குறைவது, மெஸ்ஸுக்குப் போகப் பயந்து பட்டினி கிடப்பது, வைவாவைத் தவிர்த்து அரியர் வைப்பது என்று மாதக்கணக்கில் போனால் அது சுபாவத்தைத் தாண்டிவிட்டது. சமூகப் பதற்ற நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது; எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சைக்கு ஆதாரம் வலுவாக உள்ளது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் அறுபது பேரையும் ஒவ்வொருவராக மேடையேற்றி 'செல்ஃப் இன்ட்ரோ' சொல்லவைப்பதில், தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் காதில் மற்றவர்களின் பெயர் எதுவும் ஏறப்போவதில்லை. அந்த நேரத்தை நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்காரவைக்கச் செலவிடுங்கள். அந்த நால்வரும் லேப்பிலும் ஒன்றாக இருக்கட்டும். செமஸ்டர் நடுவில் நிர்வாக வசதிக்காக பேட்சைக் கலைக்காதீர்கள். இதற்குத் தனி நிதியோ அனுமதியோ தேவையில்லை. கால அட்டவணை போடுகிறவர் மனசு வைத்தால் போதும்.